காதோரம் ஒரு கட்டி, வீட்டில் ஒரு தங்கை

பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுவது புதிதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவது அங்கேதான். வட்டகொடைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுப்படியில் பால் கரைத்துக்கொண்டே, எந்தத் தொட்டிலில் எது அழுகிறது, பசிக்கா, ஈரத்துக்கா, சும்மா வம்புக்கா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒரு மார்கழிக் காலையில் ஜன்னலோரத் தொட்டிலில் அழுகை என்று ஓடினேன். அதில் இருந்த குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கியது. அழுதது கதவோரத் தொட்டில். என்னோடு வேலை செய்கிற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாளும் அதே கூத்து நடந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

சத்தம் கேட்கிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. போனை இடது காதில் வைத்தால் எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் காதுக்குச் சொட்டு மருந்து தந்தார்கள். ஊற்றி ஊற்றித் தலையணை நனைந்ததுதான் மிச்சம். பிறகு நடக்கும்போது பாதை என்னை ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. நுவரெலியாவில் காது டொக்டரைப் பார்த்தேன். அவர் கண்டிக்கு அனுப்பினார். கண்டியில் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள்.

இந்த இடத்தில் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் பல்வரிசை அவளுக்குத்தான் வாய்த்தது. எனக்கு அப்பாவின் மூக்கு. கொழும்புக் கடைகளில் நின்று நின்று சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் சிங்களம் தெரியும், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு. என் வீட்டுக்காரருக்கோ டொக்டரைக் கண்டாலே தமிழே வராது. அதனால் ஸ்கேன் முடிவு சொல்கிற அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு வரச்சொல்லி நான்தான் அவளைக் கூப்பிட்டேன். என் கையாலேயே செய்துகொண்டது.

டொக்டர் பேச ஆரம்பித்தார். முதலில் என்னைப் பார்த்துப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிகிறது என்று என் முகத்தில் தெரிந்ததும் அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். அவர் தாளில் காதையும் நரம்பையும் மூளையையும் வரைந்தபோது அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடையில் ஏதோ சொல்லி இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். என் மண்டைக்குள் இருப்பதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணைக்கு வந்தவள் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பயப்புடாத. நல்ல கட்டிதானாம். கேன்சர் இல்லையாம்."

"அவ்வளவு நல்ல கட்டின்னா ஒந்தலையில வச்சுக்க" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டி இருந்தது கேட்கிற நரம்பும் நிதானத்துக்கான நரம்பும் சேர்ந்து மூளைக்குப் போகிற வழியில். அதை உரசிக்கொண்டே முகத்தை அசைக்கிற நரம்பும் போகிறதாம். டொக்டர் மூன்று வழி சொன்னார். மெதுவாக வளர்கிற சாதி என்பதால் ஒன்றும் செய்யாமல் ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். கொழும்பில் தங்கி, தினமும் ரேடியேஷன் கதிர் வைத்து அதை வளரவிடாமல் செய்யலாம். அல்லது கண்டியிலேயே காதுக்குப் பின்னால் திறந்து வெட்டி எடுக்கலாம். வெட்டினால் அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கிற சக்தியும் போகும். முகம் ஒரு பக்கம் தொங்கிப்போகவும் இடமுண்டு. திரும்ப நேராக நடந்து பழக மாதங்கள் ஆகலாம். இப்போதைக்கு எதுவும் அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

தலைசுற்று அதிகமாக இருந்ததால் தங்கை இன்னும் சில வாரம் லீவு சொல்லி எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே தங்கினாள். இரண்டு காம்பராவும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் ஒருத்தி கூடுதலாக வந்தால் அவள் எல்லா இடத்திலும் இருப்பாள். வந்த மறுநாளே உப்பு டின்னை இடம் மாற்றினாள். கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றாள். யார் கைக்கு? அவள் கைக்கு. ரொட்டியை மெல்லிசாகத் தட்டினாள். நான் சுடுகிற ரொட்டி என் வீட்டுக்காரருக்கு எப்போதும் மூன்றுதான். அவள் சுட்டதில் நான்காவதுக்கும் கை நீண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் போகும் முன் என் முன்னால் வந்து உட்கார்ந்து தலையைக் காட்டுகிறவள், ஒருநாள் சித்தியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏனென்று கேட்டேன்.

"சித்தி பின்னுனா சாங்காலம் வரைக்கும் கலையாதும்மா."

"அப்ப நான் பின்னுனது?"

"அது பஸ்ஸிலயே கலஞ்சிரும்" என்றாள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரின் கேலிதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. எங்கள் சனத்தில் அக்காள் புருஷனும் கொழுந்தியாளும் கேலி பேசிக்கொள்ளலாம். முறைதான் அது. பேசாவிட்டால்தான், என்ன சண்டையா என்று கேட்பார்கள். எங்கள் கல்யாணத்தன்றே அவர் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற இவளிடம், சீக்கிரம் பெரியவளாகு, உன்னையும் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பந்தலையே சிரிக்கவைத்தவர். பல வருஷமாக நானும் அந்தக் கேலிக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபெக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றுவிட்டு வருகிற மனிதர் வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். என்னிடம் பேசுவது சோறு, தண்ணி, துவாய் என்ற மூன்று விஷயம். இவளைக் கண்டால் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வருமோ.

"என்னா கொழுந்தியா, கொழும்புல மாப்ள பஞ்சமா? பேசாம இங்கயே இருந்துரு. அக்காளயும் தங்கச்சியயும் சேத்தே காப்பாத்திப்புடுறேன்."

"ஒருத்திக்கே ஒழுங்கா ஒரு சீல எடுத்துக் குடுக்க வக்கில்ல மாமா ஒங்களுக்கு. இதுல ரெண்டா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். என் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கட்டி முகத்து நரம்பைப் பிடித்துவிட்டதோ என்று அவர் பயந்துபோனார். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவிட்டுக் காது இருக்கிறதே, அது பொறாமைக்கு நன்றாகத் தீனி போடும். என் இடப்பக்கம் உட்கார்ந்து யார் பேசினாலும் எனக்கு அது முணுமுணுப்புதான். அவர்கள் அரிசி முடிந்துவிட்டது என்று பேசியிருப்பார்கள். எனக்கு அது ரகசியமாகத் தெரியும். சட்டென்று திரும்பி, என்ன பேசுகிறீர்கள் என்பேன். ஒன்றுமில்லை என்பார்கள். உலகத்தில் எந்தப் பொண்டாட்டி இந்த ஒன்றுமில்லையை நம்பியிருக்கிறாள்? சுவரோடு இடது காதை ஒட்டி உட்காரப் பழகினேன். அப்போதும் அடுப்படியில் பேசுகிறவர்கள் முதுகைத்தான் காட்டினார்கள்.

டொக்டர் சொன்ன மூன்று வழியை எல்லோரும் ஆபத்தை வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். என் தராசு வேறு. வெட்டினால் மாதக்கணக்கில் நான் படுக்கையில் கிடப்பேன், இவள் என் வீட்டில் நடமாடுவாள். கதிர் வைத்தால் நான் கொழும்பில் கிடப்பேன். சும்மா இருந்து பார்ப்பது என்றால் இவள் வேலைக்குத் திரும்பிப் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்து பார்க்கலாம் என்று அவளை விட்டே டொக்டரிடம் சொல்லவைத்தேன். அதுவும் நல்ல முடிவுதான் என்று அவர் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளை வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் உப்பு டின்னைப் பழைய இடத்தில் வைத்தேன். தலை சுற்றியது. ஆனாலும் அவ்வளவு நிம்மதி.

சித்திரை கழிந்து எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கே போனாலும் திருவிழாவுக்கு எல்லோரும் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். தங்கையும் வந்தாள். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அன்றைக்கு முறை உள்ளவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீரை ஊற்றலாம். மாமன், மச்சான், கொழுந்தியா, யாரும் தப்பமுடியாது. அன்றைக்கு நல்ல சட்டை போடுகிறவன் முட்டாள்.

ஆட்களுக்கிடையில் நின்றால் தலை சுற்றும் என்பதால் நான் கோயிலுக்கு மேலே உள்ள படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே இவள் வாளியோடு அவரைத் துரத்தினாள். அவர் ஓடினார். மகள் சித்திக்கு வழி காட்டினாள், "சித்தி, அப்பா அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" தேர்க் கொட்டகைக்குப் பின்னால் பிடித்து அவர் தலைவழியே ஊற்றினாள். மஞ்சள் வழிய வழிய அவர் நின்று சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. போன வருஷமும் இவள் ஊற்றத்தான் செய்தாள். நான்தான் வாளியை நிரப்பிக் கொடுத்தேன்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா என் அருகே வந்து உட்கார்ந்தார். வயதானவர். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர். இடது பக்கம் உட்கார்ந்தவர், ஞாபகம் வந்து எழுந்து வலது பக்கம் மாறி உட்கார்ந்தார். அவ்வளவு நல்ல மனசு. கொண்டைக்கடலையை என் கையில் கொட்டிவிட்டுக் கீழே நடக்கிற கூத்தைப் பார்த்தார். பிறகு என் முதுகைத் தடவினார்.

"நீ ஒண்ணுக்கும் மனச விட்டுறாத தாயி. மாரியாத்தா பாத்துக்குவா. அப்புடியே ஒண்ணுன்னாலும் ஓம்புள்ள தெருவுல நிக்காது. வெளிய இருந்து எவளும் வந்து கொடும பண்ணப்போறதில்ல. ஓந்தங்கச்சி இருக்கா. மாப்ளயும் அவகூட நல்லாத்தான் ஒத்துப் போறாரு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதில் கள்ளம் இல்லை. எங்கள் லயங்களில் அதைவிடப் பெரிய ஆறுதலை ஒரு தாய்க்குச் சொல்லமுடியாது. மேல் லயத்தில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அக்காள் பிரசவத்தில் போனாள், தங்கை வந்து அந்தப் பிள்ளையை வளர்த்தாள், அந்த மனிதருக்கே வாழ்க்கைப்பட்டாள். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். செத்துப்போன அக்காளின் படம் சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் தங்கைதான் அதற்குப் பூ வைக்கிறாள். எத்தனையோ தரம் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். என்ன நல்ல மனசு என்று அந்தத் தங்கையைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்தப் படத்தைத்தான். அதில் என் முகம். கீழே இவள் நின்று பூ வைக்கிறாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறார். நான் சட்டத்துக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போவது பற்றி எனக்கு வந்த பயமெல்லாம் இதுதான். செத்துப்போனால் வாயைத் திறந்து ஏனென்று கேட்கமுடியாது.

ஆனி மாதத்தில் பிள்ளைக்காம்பராப் படியில் விழுந்தேன். கையில் குழந்தை இல்லை, பால்மா டின்தான் இருந்தது. அது உருண்டுபோய்த் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தது. அதன் பிறகு குழந்தைகளைத் தூக்கவேண்டாம், உட்கார்ந்து கவனித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். என் எதிரே குழந்தை கையை நீட்டும். வேறொருத்தி வந்து தூக்குவாள். அந்தப் பெண் மேலும் பொறாமைப்பட்டேன். அந்தச் சமயத்தில் ஒழுங்காக நடக்கிற எல்லோர் மேலும் பொறாமைப்பட்டேன். ஈரப் படியில் செருப்பில்லாமல் கொழுந்துக் கூடையோடு இறங்குகிற கிழவிகளைப் பார்த்துக்கூட.

இரண்டாவது ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. மூளைத்தண்டைத் தொட்டுத் தள்ள ஆரம்பித்திருந்தது. இனி இருந்து பார்ப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை என்றார் டொக்டர். வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

கதிர் வைக்கலாமே என்று இந்தத் தடவை நானே என் சந்தைச் சிங்களத்தில் கேட்டேன். இதற்குள் அந்த வழியின் வசதியைக் கண்டுபிடித்திருந்தேன். கதிர் வைக்கக் கொழும்புக்குப் போனால் தங்கை என்னோடுதான் இருப்பாள். என் வீட்டுக்காரர் இங்கே மலையில் இருப்பார். நடுவில் அத்தனை மைல். இதைவிட நல்ல வைத்தியம் உண்டா?

டொக்டர் என்னை நேராகப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். "கட்டி இப்ப பெரிசு. கதிர் குடுத்தா கொஞ்சம் வீங்கும். உள்ள வீங்க இடம் இல்ல. வெட்டுறதுதான் நல்லம். நிறைய நாள் தள்ளவேணாம்."

எனக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து ஆடி கழியட்டும் என்றேன். ஆடி கழிந்ததும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றேன். வீட்டுக்காரர் எதற்குமே ஒன்றும் சொல்லமாட்டார். காலையில் எழும்போது வாய் ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. சுவரைப் பிடிக்காமல் வாசலுக்குப் போகமுடியவில்லை. முகம் தொங்கிப்போய் நான், அம்மாவின் பல்வரிசையோடு இவள், இரண்டு பேரும் ஒரே வீட்டில் அவர் முன்னால். அதை நினைத்தால் இந்தக் கட்டியே தேவலை என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வந்தவள் என்னோடு பேசவில்லை. கம்பளிகளை அள்ளிக்கொண்டு பீலிக்குப் போனாள். மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம் அது, துவைப்பதும் குளிப்பதும் அங்கேதான். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லில் உட்காரவைத்தாள். துவைத்து முடித்ததும் கம்பளியின் ஒரு முனையை என் கையில் தந்தாள்.

"ஒக்காந்துக்கிட்டே புடி. முறுக்கணும்."

அவள் ஒரு பக்கம் முறுக்கினாள், நான் மறுபக்கம். தண்ணீர் ஊற்றியது.

"நாள ஏன்க்கா தள்ளிக்கிட்டே போற?"

"புள்ளக்கிப் பரீட்ச."

"பொய் சொல்லாத."

எனக்குத் தாங்கவில்லை. "நான் செத்துட்டா ஒன்னய அவருக்குக் கட்டி வச்சிருவாங்க. தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினேன். தூரத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றாள். முறுக்குவதை நிறுத்தவில்லை. "பெரியம்மா என்கிட்டயுந்தான் சொன்னாங்க. திருவிழா அன்னைக்கே."

"நீ என்னா சொன்ன?"

"கட்டிக்கிருவேன்னு சொன்னேன்."

என் கையிலிருந்து கம்பளி நழுவிச் சேற்றில் விழுந்தது.

"என்னா முழிக்கிற? மாட்டேன்னு சொல்லணுமா? சொன்னா மட்டும் நம்பிருவியா நீ? நான் மாட்டேன்னா வேற எவளோ வருவா. நம்ம புள்ள அவ கையில அடி வாங்கித் திங்கணுமா? அதனால கட்டிக்கிருவேன். அந்த மனுசன் கொறட்ட விடுறதயும், வாயத் தொறக்காம கெடக்குறதயும் சேத்தே கட்டிக்கிருவேன். ஆசைக்குன்னு நெனச்சியா? எனக்குன்னு ஒருத்தர் கொழும்புல இருக்காருக்கா. எங்க கடைக்கி எதுத்த கடை. வீட்டுல வந்து பேசுறேன்னு தை மாசத்துல இருந்து கேக்குறாரு. நான்தான் இருங்க இருங்கன்னு நிப்பாட்டி வச்சிருக்கேன். ஒனக்கு ஒண்ணுன்னா அவருக்கு நான் என்னா பதில் சொல்றது? நீ பொழச்சாத்தான் எனக்குக் கல்யாணம். ஒம்புருசன் எனக்கு வேணாம்க்கா. நான் அவரக் கட்டாம இருக்கணும்னா நீ உசுரோட வா."

அவள் அழுதாள். சோப்புக் கையால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் அழுதாள். தை மாதத்திலிருந்து இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, என் புருஷனோடு கேலியும் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிர்க்கடையில் ஆள் பார்த்து வைத்திருக்கிறாள். அடுத்து வந்தது அதைவிட மோசம். என் புருஷன் வேண்டாமாமே! வேண்டாம் என்கிற அளவுக்கு அந்த மனிதரிடம் என்ன குறை? குறட்டைதான், இல்லையென்று சொல்லவில்லை. குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். இதை அவளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கட்டிக்கிருவேன்னாலும் குத்தம், மாட்டேன்னாலும் குத்தமா?" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் சேற்றிலிருந்து கம்பளியை எடுத்துத் திரும்ப அலசினோம். அந்த வாரமே கண்டிக்குப் போய் வெட்டுக்கு ஒப்புக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பயம் மற்றவர்களுக்கு வருகிற மாதிரியான பயமாக இருந்தது. யாரிடமும் மறைக்கவேண்டிய பயமாக இல்லை. வார்டில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது மகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இவள் நர்ஸ் மிஸ்ஸியோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள், எனக்கு இன்னொரு போர்வை வேண்டுமென்று.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெட்டு நெடுநேரம் நீடித்ததாம். கட்டியை எடுத்துவிட்டார்களாம், நரம்போடு ஒட்டியிருந்த ஒரு துண்டைத் தவிர. நான் கண் விழித்தேனாம். ஆனால் வாய் பேசவில்லையாம். பெயர் என்ன என்று கேட்டார்கள், விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள், நான் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேனாம். வீக்கம் வற்றினால் சரியாகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார் டொக்டர். மறுநாளும் அப்படியே. மகள் வந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியாது. அவளை அழவேண்டாம் என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்குப் புத்தி போய்விட்டது என்றே என் வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து, சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு ஞாபகம் இருப்பது வெளிச்சம். பிறகு டெட்டோல் மணம். முகத்தின் ஒரு பாதி எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி கனத்துக் கிடந்தது. இடது கண் மூடவில்லை, அதன் மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். மற்றக் கண்ணால் பார்த்தேன். பார்வையாளர் நேரம் போலிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் அவர் நின்றார், அவர் பக்கத்தில் தங்கை. இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். இளம்பச்சை. மடிப்புக் கலையாத சட்டை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குச் சட்டை எடுப்பது நான். பச்சை அவருக்கு எடுக்கவே எடுக்காது என்று நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

நாக்கைத் தேடிப் பிடித்தேன். வாய் கோணிக்கொண்டு போனது. எச்சில் வழிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அந்தச் சட்ட... யாரு எடுத்துக் குடுத்தது?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கொழுந்தியாதான்... ஒரே சட்டயோட நிக்கிறேன்னு... வாசல் கடையில..." என்று திக்கினார்.

தங்கை அவரை முடிக்க விடவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"மாமா, அக்காவுக்கு ஒண்ணும் ஆகல மாமா. அக்கா அப்புடியே இருக்கா."